ஆண்டாள் போட்ட ஆயில் சீல்

“உங்க தெரு ஆண்டாள், ஃபேக்டரியில திருடின சரக்கைத்தான் வண்டிகளுக்குப் போடுறாங்களாமே, நெஜமா?”

நஞ்சன்கூடு பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா இப்படிக் கேட்டார். “தெரியாதுங்க” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தப் பேச்சுக்கு என் பங்குக்கு நானும் கொஞ்சம் தீனி போட்டுவிட்டேன் என்பது பிறகுதான் உறைத்தது. நடந்ததைப் பார்த்தவர்களிடமும் ஆண்டாளிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே முதலிலிருந்து சொல்கிறேன்.

ஆண்டாளுக்கு நாற்பத்து மூன்று வயது. கணவன் குப்புசாமி கட்டட வேலையில் சென்ட்ரிங் அடிப்பவன். ஆண்டாள் பதினோரு வருஷம் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஒரு ரப்பர் தொழிற்சாலையில் இருந்தாள். அங்கே கார்களுக்கான ஆயில் சீல் செய்வார்கள். ஆயில் சீல் என்றால் ஒரு சின்ன வளையம். வெளியே இரும்பு, உள்ளே ரப்பர். ரப்பரின் ஓரத்தில் மெல்லிய உதடு. அந்த உதட்டை இறுக்கிப் பிடிக்கத் தலைமுடி கனத்தில் ஒரு ஸ்பிரிங். எஞ்சினில் சுழலும் தண்டு எங்கெல்லாம் வெளியே தலை நீட்டுகிறதோ அங்கெல்லாம் இந்த வளையம் உட்கார்ந்து எண்ணெயை உள்ளேயே நிறுத்தும். உதட்டில் எறும்பு கடித்த அளவு வெட்டு இருந்தாலும் போதும், எண்ணெய் வெளியே வந்துவிடும்.

ஆண்டாளின் வேலை அந்த உதட்டைப் பார்ப்பது. விளக்கு வெளிச்சத்தில் இரண்டு விரலால் சீலைக் கிள்ளினால் உதடு திறக்கும். ஒரு சுற்று பார்க்க வேண்டும். நல்லதென்றால் தட்டில் போடலாம். கெட்டதென்றால் பிளேடை எடுத்து அங்கேயே குறுக்கே அறுத்துவிட்டுத்தான் சிவப்பு டப்பாவில் போட வேண்டும். அறுக்காத கழிவு வெளியே போனால் யாராவது புதுசென்று விற்றுவிடுவார்கள் என்பதால் அப்படி ஒரு விதி. ஒரு ஷிஃப்டுக்கு இரண்டாயிரம் சீல். பதினோரு வருஷத்தில் அவள் கை எத்தனை அறுத்திருக்கும் என்று கணக்கே இல்லை. பிறகு உதட்டைப் படம் பிடித்துப் பார்க்கும் ஒரு இயந்திரம் வந்தது. பதினான்கு பெண்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆண்டாளும் அதில் ஒருத்தி.

மண்டி மொஹல்லாவில் ஒரு சந்தின் கடைசியில் அவளுடைய கொழுந்தன் ரவிக்குமாருக்கு ஒரு கார் ஷெட் இருக்கிறது. மூன்று கார் நிற்கும். மூன்றும் நின்றுவிட்டால் எந்தக் காரின் கதவையும் திறக்க முடியாது.

“அண்ணி, சும்னே வீட்டுல உக்காந்து என்ன பண்ணப் போறீங்க? வந்து சாமான் கழுவிக் குடுங்க” என்று ரவிக்குமார்தான் கூப்பிட்டான்.

கழுவ வந்தவள் ஒன்றரை வருஷத்தில் அந்த ஷெட்டின் சீல் வேலை முழுவதையும் தன் கைக்குக் கொண்டுவந்துவிட்டாள். எண்ணெய் ஒழுகும் வண்டி வந்தால் ரவிக்குமார் மேலே பார்க்காமலே “அண்ணி” என்று மட்டும் சொல்வான்.

போன தசரா முடிந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். சாமராஜநகரில் மஞ்சள் மண்டி வைத்திருக்கும் லிங்கப்பன் தம்முடைய வண்டியைக் கொண்டுவந்தார். தொண்ணூற்று ஒன்பதாம் வருஷத்து மாருதி. மஞ்சள் மூட்டை ஏற்றி ஏற்றி உள்ளே சீட்டெல்லாம் மஞ்சள் பூத்திருக்கும். லிங்கப்பன் வீட்டில் எல்லோரும் அதைப் பழைய இரும்பு வாங்கும் குஜரிக்காரனுக்குத் தள்ளிவிடச் சொல்லி வருஷக்கணக்காக நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்தான் கேட்கவில்லை.

“நோடி, இங்க பாருங்க ஆண்டாளம்மா, ஆயுத பூஜைக்கு இங்க வந்து கழுவி, பூ போட்டு ஜோரா கொண்டு போனேன். இப்ப நிக்கற எடத்துல எல்லாம் கறுப்புப் பொட்டு வெக்குது” என்றார்.

ஆண்டாள் எஞ்சினை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துக் காயவைத்தாள். பிறகு குளித்த குழந்தைக்குப் பூசுவதுபோல முகப் பவுடரை எடுத்து எஞ்சின் மேல் தட்டினாள்.

“அண்ணி, அப்படியே மையும் வெச்சு விடுங்க. திருஷ்டி படாது” என்றான் ரவிக்குமார்.

“உன் கண்ணு படாம இருந்தாப் போதும், போ.”

வண்டியைக் கால் மணி நேரம் ஓடவிட்டாள். எண்ணெய் கசிகிற இடத்தில் வெள்ளைப் பவுடர் நனைந்து கறுத்துவிடும். தேட வேண்டியதே இல்லை. முன்பக்கம், பெல்ட் ஓடும் பக்கத்தில், மேலே ஒரு சீல், கீழே ஒரு சீல், இரண்டிலும் கறுத்திருந்தது.

அதே சந்தில் விஜய்குமாரின் உதிரிபாகக் கடை. ஆண்டாள் போய் இரண்டு சீல் கேட்டாள். அவன் நான்கை எடுத்து மேஜையில் போட்டான். அவள் ஒவ்வொன்றாகக் கிள்ளிப் பார்த்தாள். இரண்டு சுத்தம். மற்ற இரண்டின் உதட்டிலும் நகக்கீறல்போல ஒரு வெட்டு. அவ்வளவுதான், இடுப்புப் பையிலிருந்த பிளேடு கைக்கு வந்துவிட்டது. இரண்டையும் குறுக்கே அறுத்து ஓரமாக வைத்தாள்.

“ஏய் ஏய் ஏய்! ஏம்மா, பைத்தியமா உனக்கு? விக்கிற சரக்கை அறுக்கறே!”

அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது, இது தொழிற்சாலை இல்லை, இன்னொருத்தன் கடை என்று. நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் கடையில் நின்ற மூன்று பேர் சிரித்ததும் விஜய்குமாருக்கு முகம் சிவந்துவிட்டது. அவன் கத்தக் கத்த அவளுக்கும் வீம்பு வந்தது.

“கெட்ட சீல் இது. நான் அறுக்கலேன்னா யார் தலையில கட்டுவே?” என்று கேட்டுவிட்டு, நான்குக்கும் காசு வைத்துவிட்டு, நல்லது இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு நடந்தாள்.

பழைய சீல்களை, தண்டில் கீறல் விழாமல், பொறுமையாக நெம்பி எடுத்தாள். ரப்பர் வெயிலில் காய்ந்த வடகம்போல விறைத்திருந்தது. புது சீலின் உதட்டில் எண்ணெய் தடவி, ஸ்பிரிங் இருக்கும் பக்கம் உள்ளே பார்க்கும்படி வைத்து, அதே அளவுள்ள குழாய்த் துண்டை மேலே பொருத்திச் சுற்றிச் சுற்றித் தட்டி இறக்கினாள். ஒரு பக்கம் சாய்ந்தால் போச்சு. அதனால் தட்டுவது ஒருதரம், பார்ப்பது மூன்று தரம். வண்டி ஓடியது. பவுடர் வெள்ளையாகவே இருந்தது. லிங்கப்பன் சந்தோஷமாகக் கிளம்பினார்.

ஆறாம் நாள் லிங்கப்பனிடமிருந்து ஃபோன் வந்தது. முன்னைவிட மோசம், பொட்டு போய் இப்போது கோலமே போடுகிறது என்றார்.

ரவிக்குமார் நேரே விஜய்குமார் கடைக்குப் போய், “என்ன மாராயா, டூப்ளிகேட் சரக்கா குடுத்தே?” என்று கேட்டான். அங்கே நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். கடையின் பேர் கெட்டுவிடும் என்று விஜய்குமார் பயந்தான். அறுபட்ட சீல்களின் எரிச்சல் வேறு அவனுக்கு ஆறவில்லை.

“என் கடை சரக்கா? உங்க அண்ணி என் சரக்கை அறுத்துப் போட்டுட்டுப் போனவங்க. அவங்க போட்டது அந்த ஃபேக்டரியில இருந்து அள்ளிட்டு வந்த செகண்ட்ஸா, கழிச்சுப்போட்ட சரக்கா இருக்கும். வீட்டுல ஒரு மூட்டை வெச்சிருப்பாங்க, போய்ப் பாரு.”

அது பொய் என்று ரவிக்குமாருக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனால் அந்த நேரத்தில் அவனுக்கு அது வசதியாக இருந்தது. ஷெட் தப்பு செய்தது என்பதைவிட அண்ணி அவனுக்குத் தெரியாமல் அந்தச் சரக்கைப் போட்டுவிட்டாள் என்பது அவன் வாய்க்குச் சுலபமாக வந்தது. டீக்கடையில் ஒருவரிடம் சொன்னான். பெயிண்ட் கடையில் ஒருவரிடம் சொன்னான். பிறகு அவன் சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் போய்விட்டது.

அதற்கு மூன்றாம் நாள் மளிகைக் கடை கௌரம்மா, பருப்பை நிறுத்துக்கொண்டே, ரொம்பப் பரிவாகக் கேட்டாள்: “ஆண்டாளம்மா, ஃபேக்டரியில உங்களை நிறுத்தினது இதுக்குத்தானா? நீங்க சொல்லவே இல்லையே.”

ஆண்டாள் பருப்பை வாங்காமலே திரும்பினாள். கெட்ட சீல் ஒன்றைக்கூட நல்லது என்று தட்டில் போடாத கை. இப்போது அந்தப் பதினோரு வருஷமும் திருட்டு ஆகிவிட்டது.

வீட்டில் குப்புசாமி அவளைச் சமாதானப்படுத்தப் பார்த்தான். “விடு புள்ள. நம்ம தம்பிதானே. நாலு நாள் பேசுவாங்க, அப்புறம் மறந்துடுவாங்க.”

“தம்பி உங்களுக்கு. பேரு என்னுது.”

“அதுக்கு என்ன பண்ணச் சொல்றே? சந்துல போய் சண்டையா போடுவே?”

“சண்டை போட்டா பொம்பள கத்தறான்னு சொல்லுவாங்க. அந்த வண்டி வரட்டும்.”

சீல் போட்ட பத்தாம் நாள் லிங்கப்பன் வந்தார். வழி முழுக்க எண்ணெய் ஊற்றிக்கொண்டே ஓட்டி வந்திருந்தார். ரவிக்குமார் அவரைப் பார்த்ததும், ஆண்டாள் பக்கத்தில் நிற்கும்போதே, “சரக்கு சரியில்லீங்க லிங்கப்பண்ணா. அண்ணி ஏதோ பழைய ஸ்டாக்கைப் போட்டுட்டாங்க. நான் வேற போட்டுத் தரேன்” என்றான்.

ஆண்டாள் நேரே வண்டியிடம் போனாள். பெல்ட்டைக் கழற்றினாள். கப்பியைக் கழற்றினாள். விளக்கைப் பிடித்துப் பார்த்தாள். மேல் சீல், தான் உட்கார்த்தி வைத்த இடத்திலிருந்து இரண்டு மில்லிமீட்டர் வெளியே வந்து நின்றது. கீழ் சீலும் அப்படியே. மேல் சீலை எடுத்துத் துடைத்துக் கிள்ளிப் பார்த்தாள். உதட்டில் ஒரு கீறல் இல்லை. ஸ்பிரிங் அசையவில்லை.

“ரவி, இங்க பாரு. சீல் கெடல. உள்ளே இருந்து எதுவோ தள்ளியிருக்கு.”

“அண்ணி, ஆய்த்து, விடுங்க. வேற போடலாம்.”

“வேற போட மாட்டேன். இதையேதான் போடுவேன்.”

ஒருதரம் கழற்றிய சீலைத் திரும்பப் போடக்கூடாது என்பது அவளுக்குத் தெரியாதது அல்ல. ஆனால் புது சீல் போட்டு ஒழுகல் நின்றால், பழையது கெட்ட சரக்கு என்பதுதான் ஊர்ப்பேச்சாக நிற்கும். அதனால் அதே சீலுக்கு எண்ணெய் தடவி, அதே இடத்தில், அதே குழாய்த் துண்டால் தட்டி இறக்கினாள். கீழே இருந்ததையும் தட்டி உள்ளே தள்ளினாள். பெல்ட்டை மாட்டினாள்.

“வண்டியை எடுங்கண்ணா. விஜய்குமார் கடை முன்னாடி நிறுத்துங்க.”

“அங்க எதுக்கம்மா?”

“அங்கதான் நோய். வைத்தியமும் அங்கேயே பார்க்கலாம்.”

காலை பதினொரு மணி. சந்தில் கால் வைக்க இடமில்லை. அதன் நடுவில் அந்த மாருதி போய் நின்று பானெட்டைத் திறந்ததும், பின்னால் வந்த ஆட்டோக்காரர்கள் ஹாரனை அழுத்தினார்கள். ஆண்டாள் நகரவில்லை. விஜய்குமார் கடையை விட்டு இறங்கி வந்தான்.

“என்ன இது? கடை முன்னாடி வண்டியை நிறுத்திட்டு! யேவாரம் நடக்க வேண்டாமா?”

“நடக்கட்டும். எல்லாரும் இருக்கற நேரந்தான் எனக்கு வேணும்.”

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தாள். தொழிற்சாலையில் போட்டுக்கொள்வதுபோன்ற மெல்லிய ரப்பர் கையுறை ஒன்றை அந்தத் துளையின் வாயில் மாட்டி, நூலால் கட்டினாள். துவண்டு கிடந்த கையுறை மெதுவாக அசைந்தது. பிறகு ஒவ்வொரு விரலாக நிமிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் ஐந்து விரலும் விறைத்து, ஒரு முழுக் கை எஞ்சின் மேல் நின்றது.

“அய்யோ, வண்டி ஆசீர்வாதம் பண்ணுது!” என்றான் ஓர் ஆட்டோக்காரன். ஹாரன் சத்தம் நின்றுவிட்டது. இறங்கி வந்து பார்த்தார்கள்.

“பாத்தீங்கல்ல?” என்றாள் ஆண்டாள். “உள்ளே காத்து அடைபட்டுக் கிடக்கு. குக்கர்ல விசில் போற ஓட்டையை அடைச்சா ஆவி எங்க போகும்? கேஸ்கெட் ஓரமா பொங்கும். அதுக்குக் கேஸ்கெட்டையா திட்டுவீங்க?”

பின்னால் ஓடி வந்திருந்த ரவிக்குமார், “அது பிஸ்டன் ரிங் தேஞ்சு போயிருக்கும் அண்ணி. பழைய எஞ்சின். இறக்கிப் பார்த்தாதான் தெரியும்” என்றான்.

“இறக்கறதுக்கு முன்னாடி மூக்கைப் பார்ப்போம்.”

எஞ்சின் மூச்சு விடுவதற்கென்று மேல் மூடியிலிருந்து ஏர் கிளீனருக்கு ஒரு ரப்பர் குழாய் போகும். ஆண்டாள் அதன் ஒரு முனையைப் பிடுங்கினாள். குழாய்க்குள் விரலை விட்டாள். குறடு கேட்டாள். லிங்கப்பன்தான் எடுத்துக் கொடுத்தார். குறட்டால் பிடித்து இழுத்ததும், எண்ணெயில் ஊறிய துணிச்சுருள் ஒன்று சேறுபோல வெளியே வந்தது. அந்த நொடியே கையுறை தலையைத் தொங்கப்போட்டது. விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி எஞ்சின் மேல் சரிந்தன.

கூட்டத்தில் சிரிப்பு. பிறகு சிரிப்பு அடங்கி, எல்லோரும் அந்தத் துணியைப் பார்த்தார்கள்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள், வாடிக்கை வண்டிகளை இலவசமாகக் கழுவிக் கொடுப்பது ரவிக்குமார் ஷெட்டின் வழக்கம். அன்றைக்குப் பதினேழு வண்டி. எஞ்சினில் டீசல் அடித்துத் தண்ணீர் பீய்ச்சும்போது உள்ளே தண்ணீர் போகாமல் இருக்க, ஏர் கிளீனரைக் கழற்றி, திறந்திருக்கும் குழாய்களில் துணி அடைப்பார்கள். கழுவியதும் எடுத்துவிட வேண்டும். பதினேழு வண்டிக்கும் பூ, எலுமிச்சம்பழம், பூசணிக்காய் என்று ஓடுகிற அவசரத்தில் ஒரு துணியை எடுக்க மறந்து, அதன் மேலேயே குழாயை மாட்டியிருக்கிறார்கள்.

ஆண்டாள் துணியைப் பிழிந்து விரித்தாள். நீல நிறம். விஜய்குமார் குதித்தான்.

“நோடி, நோடி! அவங்க ஃபேக்டரி யூனிஃபார்ம் துணிதான் இது!”

“ஆமா, என் துணிதான்” என்றாள் ஆண்டாள். “நாந்தான் கிழிச்சு ஷெட்டுக்குக் குடுத்தேன். துணி என்னுது. அடைச்ச கை யாருது?”

அன்றைக்கு எஞ்சின் கழுவியது யார் என்று அந்தச் சந்துக்கே தெரியும். ரவிக்குமார் கையை லுங்கியில் துடைத்தான். திரும்பவும் துடைத்தான்.

“என்னுது” என்றான்.

லிங்கப்பன் ஒரு பெருமூச்சு விட்டார். ஆண்டாள் அவர் பக்கம் திரும்பினாள். “என் தப்பும் இருக்குங்கண்ணா. ரெண்டு சீலும் ஒண்ணா ஒழுகினப்பவே இந்தக் குழாயைப் பாத்திருக்கணும். சீலையே பாத்துப் பழகின கண்ணு, சீலை மட்டுந்தான் பாத்துச்சு. அதை நான் ஒத்துக்கறேன். திருட்டை ஒத்துக்க மாட்டேன்.”

“சரி விடுங்கக்கா” என்றான் விஜய்குமார், குரலை இறக்கி. “ஆனது ஆச்சு. டீ சொல்றேன்.”

“டீ வேண்டாம். இந்த ரெண்டு சீலும் எந்தக் கடையில வாங்கினது?”

அவன் அக்கம்பக்கம் பார்த்தான். “என் கடையிலதான்.”

“நல்ல சரக்கா, கெட்ட சரக்கா?”

“நல்ல சரக்குதான்.”

“இதை அன்னிக்கே சொல்லியிருந்தா உன் கடைக்கும் பேரு, எனக்கும் பேரு. வாயை வெச்சுட்டு சும்மா இருந்தியா?”

ஆட்டோக்காரர்கள் கையைத் தட்டினார்கள். அதோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆண்டாளுக்கு முடியவில்லை.

“ரவி, நீ யார் யார்கிட்ட சொன்னே?”

“அண்ணி, எல்லாரும் இங்கேயே பாத்துட்டாங்களே.”

“பாத்தவங்க பாத்தாங்க. பாக்காதவங்களுக்கு?”

சந்தின் தலையிலிருந்து ஆரம்பித்தார்கள். ரவிக்குமார் முன்னால், ஆண்டாள் பின்னால். டீக்கடை, பெயிண்ட் கடை, டயர் கடை, வெல்டிங் பட்டறை. ஒவ்வொரு வாசலிலும் நின்று அவன் சொன்னான்: “சீல் நல்ல சீல். அண்ணி திருடல. தப்பு என்னுது.” மூன்றாவது கடையில் அவன் குரல் முனகலாகிவிட்டது.

“சத்தமா சொல்லு. அன்னிக்கு இப்படி மெதுவாவா சொன்னே?”

வெல்டிங் பட்டறைக்காரர், “பாவம்மா, விடு, சொந்தக் கொழுந்தன்” என்றார்.

“சொந்தம்னுதானே கூட நடக்கறேன். இல்லேன்னா தனியா அனுப்பியிருப்பேன்.”

கௌரம்மாவின் மளிகைக் கடையில் ரவிக்குமாருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆண்டாள் பார்த்தாள். ஆனாலும் சொல்லவைத்தாள். அவன் சொல்லி முடித்ததும் அன்றைக்கு வாங்காமல் போன பருப்பை அரைக் கிலோ வாங்கிக்கொண்டாள்.

லிங்கப்பன் அந்தச் சீல்களோடே சாமராஜநகர் போய், ஒரு வாரம் மூட்டை ஏற்றி ஓட்டிவிட்டு வந்தார். பவுடர் வெள்ளையாக இருந்தது. அதற்குப் பிறகுதான் ஆண்டாள் அந்த இரண்டையும் கழற்றிப் புதுசு போட்டாள். “இது ஒருதரம் கழட்டி மாட்டினது. முறைப்படி இருக்கக்கூடாது” என்றாள். இன்றும் அதே ஷெட்டில்தான் வேலை செய்கிறாள். ரவிக்குமார் அவளிடம் இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதைப் பற்றி அவள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

ஆனால் அந்தச் சந்தில் இருபத்திரண்டு கடைதான். பேச்சு அதைத் தாண்டி எங்கெங்கோ போய்விட்டது. அவளோடு வேலையிழந்த பதின்மூன்று பெண்களில் சிலர்கூட அந்தத் திருட்டுப் பேச்சை நம்பியிருக்கிறார்கள். நஞ்சன்கூடு பஸ்ஸில் இருந்த அந்த அம்மாவை நான் திரும்பப் பார்க்கவே இல்லை. ஆண்டாளால் எல்லா ஊருக்கும் ரவிக்குமாரைக் கூட்டிக்கொண்டு நடக்க முடியாது.

இதை எழுதட்டுமா, பேரை மாற்றி எழுதட்டுமா என்று நான் கேட்டேன். “எழுது. பேரை மாத்தினேன்னா எழுதாதே” என்றாள்.

அதனால் படிக்கிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் இதைச் சொல்லுங்கள். சாமராஜநகரில் யாராவது தெரிந்தவர்கள் இருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள். ஆண்டாள் என்ற பேரோடு, கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள்.